தமிழ்ப் புத்தகத்தில் ரோமன் எழுத்துப்பெயர்ப்பு: பெட்டி விழும் எழுத்துகளை இன்டிசைனில் சரிசெய்ய முழு வழிகாட்டி

ஆய்வு நூல், கல்வெட்டுத் தொகுப்பு, நிகண்டு, இசை பற்றிய புத்தகம் என்று எதை லே-அவுட் செய்தாலும், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் புள்ளியும் கோடும் வைத்து எழுதிய பகுதி ஒன்று வந்து நிற்கும். ஆசிரியர் அனுப்பிய வேர்டு கோப்பில் எல்லாம் அழகாகத் தெரியும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் போட்டதும் அங்கங்கே இளஞ்சிவப்புப் பெட்டி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் உடனே அந்தப் பெட்டியை மட்டும் தேர்ந்தெடுத்து, எந்த ஃபாண்டில் எழுத்து தெரிகிறதோ அந்த ஃபாண்டைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். முந்நூறு பக்கப் புத்தகத்தில் இப்படிச் செய்தால் முடிவில் ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று ஃபாண்ட் இருக்கும், அதைத் திருப்பிச் சீர்செய்வது புதிதாக லே-அவுட் செய்வதைவிடக் கடினம்.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் எழுத்தைச் சரிசெய்யுங்கள், அப்புறம் ஃபாண்டைத் தேர்ந்தெடுங்கள், அதற்குப் பிறகே ஸ்டைல்.

1. எந்தக் கோளாறு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் கோளாறு நான்கு வகை, நான்குக்கும் மருந்து வேறு.

பெட்டி விழுந்தால் அந்த ஃபாண்டில் அந்த எழுத்தின் வடிவமே இல்லை. இதுதான் எளிய வகை, ஏனென்றால் கண்ணில் படுகிறது.

எழுத்து தெரிகிறது, ஆனால் பக்கத்து எழுத்தைவிடக் கனமாகவோ குட்டையாகவோ இருக்கிறது என்றால், மென்பொருள் உங்களைக் கேட்காமல் வேறொரு ஃபாண்டிலிருந்து அதை எடுத்து ஒட்டியிருக்கிறது.

புள்ளியோ கோடோ எழுத்தை விட்டு விலகிப் பக்கத்தில் போய் நின்றால், அது ஒரே எழுத்தாக இல்லாமல் எழுத்தும் குறியுமாகப் பிரிந்து உள்ளிடப்பட்டிருக்கிறது.

நான்காவதுதான் ஆபத்தானது: பெட்டியும் இல்லை, விலகலும் இல்லை, முற்றிலும் வேறு எழுத்து நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய பழைய எட்டு-பிட் தமிழ் ஃபாண்டுகளில் (டிஸ்கி, டேப் வகை) 128-க்கு மேற்பட்ட இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்தார்கள். மேற்கத்திய ஃபாண்டில் பிரெஞ்சு, ஸ்பானிய உச்சரிப்புக் குறி எழுத்துகள் இருக்கும் இடம் அது. அப்படிப்பட்ட ஃபாண்ட் போட்ட பத்தியில் அலைக்குறி வைத்த ‘என்’ வந்தால், அங்கே ஏதோ ஒரு தமிழ் எழுத்து முளைக்கும். ஃபாண்டைப் பொறுத்தவரை அங்கே எழுத்து இருக்கிறது, அதனால் எந்தச் சோதனையும் இதைக் காட்டிக்கொடுக்காது. தமிழ்ப் பகுதி இன்னும் பழைய குறியாக்கத்தில் இருந்தால் வேறு எதையும் தொடுவதற்கு முன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியில் தமிழ்ப் பத்திகளை மட்டும் கொடுங்கள், ரோமன் சொற்களைக் கொடுத்தால் அவையும் தமிழாக உருமாறும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆசிரியரின் மூல வேர்டு கோப்பு, அதன் ஒரு நகல், அவருடைய கணினியிலேயே எடுத்த பிடிஎஃப். பிடிஎஃப் எதற்கென்றால், உங்கள் கணினியில் அவருடைய ஃபாண்ட் இல்லாவிட்டால் அவர் நினைத்த எழுத்து எது என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

அடுத்து, புத்தகத்தில் வரும் குறி எழுத்துகளின் பட்டியல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையைப் பின்பற்றுகிற நூல் என்றால் அடிப்படையாக 13 எழுத்துகள் வரும். ஆ, ஈ, ஊ, ஏ, ஓ ஐந்துக்கும் மேலே கோடு. ங-வுக்கு மேலே புள்ளி, ஞ-வுக்கு மேலே அலை. ட, ண, ள மூன்றுக்கும் கீழே புள்ளி. ழ, ற, ன மூன்றுக்கும் கீழே கோடு. பேரெழுத்தையும் சேர்த்தால் 26. வடமொழிச் சொற்கள் கலந்திருந்தால் ச, ஷ, விசர்க்கம், அனுஸ்வாரம், ரு-உயிர் என்று பட்டியல் நீளும்.

இதை வைத்து ஒரு சோதனை வரி தயார் செய்யுங்கள். சங்கு, ஆறு, ஊர், ஞானம், ஈழம், கண், வள்ளல், பாட்டு, தேர், ஓலை: இந்தப் பத்துச் சொற்களையும் ரோமனில் எழுதினால் 13 எழுத்தும் வந்துவிடும். அதே வரியை முழுக்கப் பேரெழுத்தில் இன்னொரு முறை எழுதிக்கொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அத்தியாயத் தலைப்பைப் பேரெழுத்தாக்கும்போது மட்டும் பெட்டி விழுந்து கடைசி நாளில் ஓடுகிறார்கள்.

3. வேர்டிலேயே எழுத்தைச் சுத்தம் செய்யுங்கள்

வேர்டு நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்கிறது. ஃபாண்டில் இல்லாத எழுத்தை வேறொரு ஃபாண்டிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுவிடும். மேலும் தமிழுக்கும் ரோமனுக்கும் தனித்தனி ஃபாண்ட் வைத்துக்கொள்ளும் வசதி அதில் உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ஆசிரியருக்குக் குறை எதுவும் தெரிவதில்லை. இன்டிசைனில் அந்தப் பிரிவினை கிடையாது. ஒரு பத்திக்கு ஒரு தமிழ் ஃபாண்ட் கொடுத்தால், அதில் உள்ள ரோமன் சொற்களும் அந்தத் தமிழ் ஃபாண்டின் ரோமன் எழுத்துகளில்தான் வரும். அதில் புள்ளி வைத்த எழுத்து பெரும்பாலும் இருக்காது.

முதல் வேலை, போலி அடிக்கோடுகளைப் பிடிப்பது. ழ, ற, ன-வுக்கான கோட்டெழுத்தைத் தட்டத் தெரியாத பலர், வெறும் எல், ஆர், என் எழுத்தைத் தட்டிவிட்டு அதற்கு அண்டர்லைன் போட்டிருப்பார்கள். பார்வைக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. ஆனால் அண்டர்லைன் என்பது வெறும் அலங்காரம்தான். இன்டிசைனில் ‘ஃபார்மேட்டிங் எல்லாம் நீக்கு’ என்று இறக்குமதி செய்த நொடியில் அது போய்விடும், ‘வழி’ என்று எழுதிய சொல் ‘வலி’ ஆகிவிடும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் மெய்ப்பு பார்ப்பவர் கண்ணிலும் படாது. வேர்டின் தேடு-மாற்றுப் பெட்டியில் அண்டர்லைன் போட்ட ‘எல்’ எழுத்தைத் தேடி, அண்டர்லைன் இல்லாத உண்மையான கோட்டெழுத்தை மாற்றாகக் கொடுங்கள், பேரெழுத்து-சிற்றெழுத்து வேறுபாட்டைக் கவனிக்கும் விருப்பத்தையும் இயக்கிக்கொள்ளுங்கள். ஒட்டுமொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது நல்லது, ஏனென்றால் அழுத்தத்துக்காக முழுச் சொல்லுக்கும் அடிக்கோடிட்ட இடங்கள் நடுவில் இருக்கும்.

இரண்டாவது, பிரிந்த எழுத்துகள். கீழ்க்கோடு வைத்த எல் யூனிகோடில் இரண்டு விதமாக இருக்கலாம்: ஒரே குறியாக, அல்லது எல்லும் அதைத் தொடர்ந்து ஒட்டும் குறியுமாக. வேர்டில் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள். முழு எழுத்தும் எண்ணாக மாறினால் ஒரே குறி. எல் அப்படியே நிற்க, அதன் பக்கத்தில் 0331 என்று வந்தால் பிரிந்திருக்கிறது. 0332 என்று வந்தால் இன்னும் மோசம், அது அடிக்கோட்டுக்கான வேறு குறி, பார்க்க மட்டும் ஒன்றுபோல இருக்கும். பார்த்து முடித்ததும் கன்ட்ரோல்-இசட் அழுத்தித் திரும்புங்கள். மறுபடியும் ஆல்ட்-எக்ஸ் அழுத்தினால், முன்னால் ரோமன் ஏ (a) அல்லது ஈ (e) எழுத்து இருக்கும்போது அதையும் எண்ணின் பகுதி என்று எடுத்துக்கொண்டு வேறு ஏதாவது எழுத்தைக் கொண்டுவந்துவிடும்.

பிரிந்த எல்லாவற்றையும் தேடி ஒற்றைக் குறிக்கு மாற்றுங்கள். ஒற்றைக் குறிக்கு ஃபாண்ட் வரைந்தவர் தனியாக ஒரு வடிவம் வரைந்திருப்பார். பிரிந்ததற்கு ஃபாண்டும் மென்பொருளும் சேர்ந்து குறியை இடம் பார்த்து வைக்க வேண்டும், இரண்டில் ஒன்று ஒத்துழைக்காவிட்டால் கோடு ஊர்ந்து போகும். இன்னொரு காரணமும் உண்டு. புத்தகத்தில் பாதி இடத்தில் ஒரு விதமாகவும் பாதி இடத்தில் இன்னொரு விதமாகவும் இருந்தால் தேடலில் பாதிதான் அகப்படும், சொல்லடைவில் ஒரே சொல் இரண்டு பதிவாக வரும். பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டிய மேற்கோள்களில் இது அடிக்கடி நடக்கிறது, அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

4. ஃபாண்டைத் தேர்ந்தெடுப்பது

ரோமன் பகுதிக்கு என்று தனியாக ஒரு ஃபாண்ட் எடுங்கள். தமிழ் ஃபாண்டிலேயே எல்லாம் கிடைக்க வேண்டும் என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எஸ்ஐஎல் வெளியிட்ட ஜென்டியம், கேரிஸ் இரண்டும் இந்த மாதிரி குறி எழுத்துகளையும் சேர்த்துப் பரந்த தொகுப்பாக வரையப்பட்டவை. நோட்டோ செரிஃபும் பட்டியலைத் தாங்கும். மூன்றுமே திறந்த உரிமத்தில் கிடைப்பதால் அச்சகத்துக்கு அனுப்பவும் மின்னூலில் பதிக்கவும் தடையில்லை. என் தேர்வு ஜென்டியம்தான்: சிறிய அளவில், அடிக்குறிப்பிலும்கூட, கீழ்ப்புள்ளியும் கீழ்க்கோடும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. ள-வும் ழ-வும் அந்த ஒரு புள்ளி, ஒரு கோட்டில்தான் வேறுபடுகின்றன என்பதால் இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயம் இல்லை.

தேர்ந்தெடுத்த ஃபாண்டில் உங்கள் சோதனை வரியைச் சாதாரணம், சாய்வு, தடிப்பு, தடித்த சாய்வு என்று நான்கிலும் போட்டுப் பாருங்கள். சாதாரண வடிவத்தில் இருக்கிற எழுத்து சாய்வில் இல்லாமல் போவது வெகு சகஜம், நூற்பெயர்களும் கலைச்சொற்களும் சாய்வில்தான் வரும். பழைய ஜென்டியம் பிளஸில் தடித்த வடிவமே கிடையாது, பின்னால் வந்த பதிப்புகளில்தான் சேர்த்தார்கள், ஆகவே உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஸ்மால் கேப்ஸ் (சிற்றெழுத்து உயரத்தில் வரும் பேரெழுத்து) பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அதையும் சோதியுங்கள். குறி எழுத்துக்கு ஸ்மால் கேப்ஸ் வடிவம் வரையாத ஃபாண்டில் அந்த ஒரு எழுத்து மட்டும் பக்கத்திலிருப்பவற்றோடு ஒட்டாமல் நிற்கும்.

5. இன்டிசைனில் எச்சரிக்கைகளை முதலில் இயக்குங்கள்

உரையை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பின்னால் இயக்கினால் ஏற்கெனவே சத்தமில்லாமல் நடந்துபோன மாற்றங்கள் உங்களுக்குத் தெரியாது.

ப்ரெஃபரன்ஸஸில் காம்போசிஷன் பகுதியில் மாற்று ஃபாண்டுகளையும் மாற்று வடிவங்களையும் நிறமிட்டுக் காட்டும் விருப்பங்களைத் தேர்வு செய்யுங்கள். அட்வான்ஸ்டு டைப் பகுதியில் ‘மிஸ்ஸிங் கிளிஃப் புரொடெக்‌ஷன்’ இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். பெயரைப் பார்த்தால் பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால் ஃபாண்டில் இல்லாத எழுத்துக்கு அது தானாக வேறு ஃபாண்டைத் தேடிப் போடும், புத்தக வேலையில் அந்த முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். பெட்டி விழட்டும், பெட்டி நேர்மையானது.

அச்சுக்கு முந்தைய தானியங்கிச் சோதனையான ப்ரீஃப்ளைட்டில் புதிதாக ஒரு புரொஃபைல் உருவாக்கி, டெக்ஸ்ட் பிரிவில் ‘கிளிஃப் மிஸ்ஸிங்’ என்பதை டிக் செய்யுங்கள். கூடவே வரும் பேசிக் புரொஃபைல் ஃபாண்ட் இல்லையென்றால்தான் கத்தும், ஃபாண்ட் இருந்து எழுத்து இல்லையென்றால் பச்சை விளக்கே எரியும். பச்சையை நம்பி அச்சுக்கு அனுப்பிய கோப்புகள் பெட்டியோடு அச்சாகி வந்திருக்கின்றன.

பாரா ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் வேர்ல்டு-ரெடி காம்போசரைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்க் கொம்பும் காலும் சரியாக நிற்க இது எப்படியும் வேண்டும், ஒட்டும் குறிகளை எழுத்தின் கீழே சரியான இடத்தில் வைப்பதும் இதுதான்.

6. கிரெப் ஸ்டைல்: இந்த வேலையின் முதுகெலும்பு

முதலில் ‘ரோமன்’ என்று ஒரு கேரக்டர் ஸ்டைல் உருவாக்குங்கள். அதில் ஃபாண்ட் குடும்பத்தை மட்டும் கொடுத்து, ரெகுலர், இட்டாலிக் என்று வரும் அடுத்த கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே ரெகுலர் என்று கொடுத்துவிட்டால் சாய்வாக இருக்க வேண்டிய பத்தியிலும் ரோமன் சொல் நிமிர்ந்து நிற்கும். காலியாக விட்டால் பத்தியில் இருக்கும் பாணியையே எடுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: இரண்டு ஃபாண்டிலும் அந்தப் பாணியின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் ரெகுலர் என்றும் மற்றொன்றில் ரோமன் என்றும் இருந்தால் பாணியைக் காணோம் என்று இளஞ்சிவப்பு நிறம் வரும்.

அடுத்து அடிப்படைப் பாரா ஸ்டைலைத் திறந்து கிரெப் ஸ்டைல் பகுதிக்குப் போங்கள், குறிப்பிட்ட வகை எழுத்துகளைத் தானாகக் கண்டுபிடித்து அவற்றுக்கு ஒரு ஸ்டைலைப் போடுகிற விதி அது. அங்கே சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு வைல்ட்கார்டு வையுங்கள்: ‘ஏதேனும் சிற்றெழுத்து’, ‘ஏதேனும் பேரெழுத்து’. இரண்டும் மெனுவிலேயே கிடைக்கும். அடைப்பை மூடி, ‘ஒன்று அல்லது அதற்கு மேல்’ என்ற குறியைச் சேருங்கள். தமிழ் எழுத்துக்குச் சிற்றெழுத்து, பேரெழுத்து என்ற பிரிவு கிடையாது என்பதால் இந்த விதி தமிழைத் தொடாது, புள்ளியும் கோடும் வைத்தவை உட்பட ரோமன் எழுத்துகளை மட்டும் முழுச் சொல்லாக அள்ளிக்கொள்ளும். பிரிந்த குறிகள் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் அவற்றையும் நகலெடுத்து அதே அடைப்புக்குள் ஒட்டிவிடுங்கள். இந்த விதிக்கு ‘ரோமன்’ ஸ்டைலைக் கொடுங்கள்.

பெட்டி விழுந்த எழுத்தை மட்டும் பிடிக்கிற விதி எழுதக் கூடாதா என்று எல்லாரும் கேட்பார்கள். எழுதலாம், ஆனால் எழுதாதீர்கள். ஒரு சொல்லின் நடுவில் ஒரே ஒரு எழுத்து வேறு ஃபாண்டிலிருந்து வந்தால், அதற்கும் இரு பக்கத்து எழுத்துகளுக்கும் இடையே கெர்னிங் (எழுத்திடைவெளிச் சீரமைப்பு) வேலை செய்யாது, கனமும் உயரமும் மாறும், சொல் மூன்று துண்டாகத் தெரியும். சொல் முழுவதும் ஒரே ஃபாண்டில் இருந்தால்தான் கண் தடுக்காமல் வாசிக்கும்.

எண்களும் நிறுத்தக்குறிகளும் இந்த விதியில் சிக்காது. அவற்றைத் தமிழ் ஃபாண்டிலேயே விடுவதா, ரோமனுக்கு மாற்றுவதா என்று முன்பே முடிவு செய்யுங்கள். நான் ரோமன் ஃபாண்டுக்கே மாற்றிவிடுவேன், சான்றுக் குறிப்புகளில் ஆண்டும் பக்க எண்ணும் ரோமன் சொல்லை ஒட்டியே வருகின்றன.

இந்த விதியை அடிப்படை ஸ்டைலில் வைத்து, உடல் உரை, மேற்கோள், அடிக்குறிப்பு, தலைப்பு, பொருளடக்கம், பக்கத் தலைப்பு எல்லாவற்றையும் அதை அடிப்படையாகக் கொண்டு உருவாக்குங்கள். அதிகம் தவறவிடப்படுவது அடிக்குறிப்பும் பக்கத் தலைப்பும்தான். துணை ஸ்டைல் ஒன்றில் தனியாக இன்னொரு கிரெப் விதி சேர்த்தால், தாய் ஸ்டைலில் நீங்கள் பிற்பாடு செய்யும் திருத்தம் அங்கே போய்ச் சேராது. அந்த ஸ்டைல்களைத் தனியே குறித்துவைத்துக் கையால் திருத்துங்கள்.

7. அளவைப் பொருத்துவது

தமிழும் ரோமனும் ஒரே பாயின்டில் ஒரே அளவாகத் தெரியாது. கேரக்டர் ஸ்டைலில் பாயின்ட் அளவைக் கொடுத்தால் உடல் உரையில் சரியாக இருக்கும், தலைப்பிலும் அடிக்குறிப்பிலும் அதே பாயின்ட் போய் உட்கார்ந்து குழப்பும். அதற்குப் பதிலாக ஹாரிசான்டல் ஸ்கேல், வெர்டிகல் ஸ்கேல் இரண்டிலும் ஒரே சதவீதத்தைக் கொடுங்கள். 95 என்றால் இரண்டிலும் 95. எழுத்து உருக்குலையாது, எந்த அளவுப் பத்தியிலும் விகிதம் மாறாது, வரி இடைவெளியும் நகராது. திரையில் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துப் பாருங்கள்.

8. அப்படியும் மிஞ்சும் ஓரிரு எழுத்து

ஐஎஸ்ஓ 15919 முறையில் வடமொழி ரு-உயிருக்கு ‘ஆர்’ கீழே சிறு வளையம் வரும். இதற்கு யூனிகோடில் ஒற்றைக் குறி கிடையாது, ஆர் எழுத்தோடு 0325 என்ற ஒட்டும் குறியைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும். மூன்றாம் படியில் எல்லாவற்றையும் ஒற்றைக் குறியாக்கச் சொன்னதற்கு இது விலக்கு, இதைத் தேடி அலையாதீர்கள். ஜென்டியம் மாதிரி ஒட்டும் குறிகளை ஆதரிக்கும் ஃபாண்டும் வேர்ல்டு-ரெடி காம்போசரும் இருந்தால் வளையம் சரியாக நிற்கும்.

வேறு எங்கேயும் கிடைக்காத எழுத்து ஒன்று இருந்தால் மட்டும், அதற்கென்று இரண்டாவது கேரக்டர் ஸ்டைல் உருவாக்கி, கிரெப் பட்டியலில் ரோமன் விதிக்குக் கீழே வையுங்கள். இரண்டும் மோதும் இடத்தில் பட்டியலில் கீழே இருப்பதே வெல்லும். கையால் ஃபாண்ட் மாற்றுவது மட்டும் வேண்டாம், அடுத்த திருத்தத்தில் யாராவது ஓவர்ரைடை (ஸ்டைலுக்கு மேல் கையால் செய்த மாற்றத்தை) நீக்கினால் எல்லாம் போய்விடும்.

9. வேறு மென்பொருளில் செய்பவர்களுக்கு

லிப்ரே ஆபிஸில் ஃபாண்ட் பெயர்ப் பெட்டியில் அரைப்புள்ளி இட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஃபாண்ட் பெயர்களைத் தரலாம், முதலாவதில் இல்லாத எழுத்துக்கு அடுத்ததைப் பார்க்கும். தமிழுக்குக் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் ஃபாண்ட் தனியாக உண்டு, இரண்டையும் ஸ்டைலிலேயே கொடுங்கள்.

‘டெக்’ வகை அச்சுக்கோப்பு மென்பொருளான ஸீடெக்கில் (XeTeX) தானியங்கி மாற்று ஃபாண்ட் கிடையாது. எழுத்து இல்லாவிட்டால் தொகுப்பு நிற்காமல் முடிந்துவிடும், ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்று லாக் கோப்பில் ஒரு வரி மட்டும் கிடக்கும். டெக் லைவ் 2021 முதல் தொலைந்த எழுத்துகளைக் கண்காணிக்கும் அளவுருவை 3 ஆக்கினால் அது பிழையாகவே வந்து நிற்கும். புத்தக வேலையில் அப்படித்தான் வைக்க வேண்டும். அதே வகையைச் சேர்ந்த லூவாலாடெக்கில் (LuaLaTeX) மாற்று ஃபாண்டுகளை வரிசையாக நீங்களே அறிவிக்கலாம்.

10. பிடிஎஃபில் கடைசிச் சோதனை

அக்ரோபாட்டில் டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸில் ஃபாண்ட் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தவை மட்டுமே அங்கே இருக்க வேண்டும். ஏரியல், மிரியட் மாதிரி நீங்கள் கூப்பிடாத பெயர் ஒன்று இருந்தால் எங்கோ ஒரு எழுத்து நழுவியிருக்கிறது. இன்டிசைனின் ஃபைண்ட் ஃபாண்ட் மூலம் அந்த ஃபாண்டின் முதல் இடத்துக்கு நேராகப் போகலாம், பெரும்பாலும் படத்துக்குள் வைத்த உரையிலோ பேரன்ட் பக்கத்திலோ (முன்பு மாஸ்டர் பக்கம்) அகப்படும்.

அப்புறம், சோதனை வரியின் பத்துச் சொற்களும் வரும் பக்கங்களிலிருந்து சில வரிகளை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். புள்ளியும் கோடும் அங்கேயும் இருந்தால் உள்ளே இருப்பது சரியான எழுத்து, புத்தகத்தில் தேடுகிறவர்களுக்கும் கிடைக்கும். பேப்பரில் சரியாகத் தெரிந்து நோட்பேடில் சம்பந்தமில்லாத எழுத்து வந்தால் பழைய குறியாக்கம் எங்கோ ஒளிந்திருக்கிறது, முதல் படிக்குத் திரும்புங்கள்.

மின்னூலும் உண்டென்றால் ரோமன் ஃபாண்டைக் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்புங்கள், வாசகரின் கருவி எந்த மாற்று ஃபாண்டைப் போடும் என்பது உங்கள் கையில் இல்லை. அச்சகத்துக்கு இன்டிசைன் கோப்பாகக் கொடுப்பதானால் பேக்கேஜ் செய்து, ஃபாண்டுகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து ரோமன் ஃபாண்டின் நான்கு வடிவமும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.